என் ஓரகத்தி ஓட்டிய வண்டி

பொறாமைக் குணம் எனக்குக் கிடையாது என்று முப்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் மாடி எழுப்பினார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். என் தங்கைக்குச் சென்னையில் நல்ல வேலை கிடைத்தது. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் ஓரகத்தி ஒரு மஞ்சள் வண்டியில் ஏறி உட்கார்ந்த அன்றைக்குத்தான் எனக்குள்ளும் அந்தச் சாமான் இருப்பது தெரிந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, மூட்டை மூட்டையாக இருந்தது.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். செய்யூருக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்புகளைத் தாண்டி எங்கள் வீடு. ஒரே மனையில் இரண்டு வீடுகள், நடுவில் ஒரு ஆள் மட்டும் போகிற சந்து. சந்தின் கடைசியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். என் வீட்டுக்காரர் கல்பாக்கம் குடியிருப்பில் காண்ட்ராக்ட் பெயிண்டர். அவள் வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் மாமியார் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் குனிந்து நாற்று நட்டவர். குனியாமல் செய்கிற வேலை எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு எங்கள் இரண்டு பேரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அந்த வேலைக்கு முதலில் போனது நான். செங்கல்பட்டைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய குடோன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி எல்லாம் லாரியில் வந்து இறங்கும். அடுக்கி வைத்து, பிறகு கடைகளுக்கு அனுப்புவார்கள். காலை ஐந்தரைக்கு ஊர் முனைக்கு வேன் வந்துவிடும். பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்கேன் செய்வது என் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். ஒன்றரை வருடம் கழித்து அவளையும் நான்தான் சேர்த்துவிட்டேன். சூப்பர்வைசரிடம், "நல்ல பொண்ணு சார், என் கூடப் பொறந்தவ மாதிரி" என்று சொன்னது இந்த வாய்தான். அதற்காகப் பிறகு எத்தனையோ தடவை நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள், பெண்களுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுத் தரப்போவதாக. முன்னால் இரண்டு நீளமான இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, சரக்கைப் பலகையோடு தூக்கிக்கொண்டு போகுமே, அந்த வண்டி. நான் பெயர் கொடுத்தேன். அவளுக்கும் சேர்த்து நானே கொடுத்தேன். அவள் பயந்தாள். "எனக்கு ஸ்கூட்டியே சரியா வராதுக்கா" என்றாள். "வாடி பாத்துக்கலாம், நான் இருக்கேன் இல்ல" என்று தைரியம் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

பயிற்சி கொடுக்க வந்தவர் நரைத்த மீசைக்காரர். முதல் நாளே ஒரு விஷயத்தை எங்கள் மண்டையில் ஏற்றிவிட்டார். "காருன்னு நெனச்சுக்காதீங்க. இது பின் சக்கரத்துல திரும்புற வண்டி. நீங்க இடது பக்கம் ஒடிச்சா, முன்பக்கம் இடது பக்கம் போவும், பின்பக்கம் வலது பக்கமா வீசும். பின்னாடி டன் கணக்குல இரும்பு கீது. அந்த வீச்சுல ஒரு ஆள் நின்னா அவ்ளோதான்." அவளுக்கு அது புரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வேனில், டிபன் பாக்ஸை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டி நான்தான் விளங்க வைத்தேன். இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

பத்து நாள் கழித்துப் பரீட்சை. பலகை மேல் ஒரு வாளி தண்ணீரை வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு, வரிசையாக வைத்த ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்த் திரும்ப வேண்டும். மூன்றாவது கூம்பை நான் சாய்த்துவிட்டேன். பதற்றத்தில் பிரேக்கை மிதித்ததில் வாளியும் கவிழ்ந்தது. தண்ணீரைத் துடைக்க மாப்பை எடுத்து வந்ததும் நான்தான். துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் முறை வந்தது. அவள் போன வேகத்துக்கு ஆமை முந்தியிருக்கும். ஆனால் ஒரு கூம்பு அசையவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. மீசைக்காரர் கை தட்டினார். நானும் மாப்பைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினேன்.

அவளுக்கு அட்டை கிடைத்தது, போட்டோ போட்டு, நீல நாடா கோத்து. அதோடு ஒரு சீட். கறுப்பு ரெக்சின் போட்ட, ஸ்பிரிங் வைத்த, பெல்ட் உள்ள சீட். மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. எட்டு மணி நேரம் நிற்கிறவளுக்குத்தான் அந்தச் சீட்டின் அருமை தெரியும். என் கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கும்போது, அவள் தரையிலிருந்து நாலடி உயரத்தில் உட்கார்ந்து போவாள். என்னை "யக்கா, தள்ளு" என்கிற லோடுமேன்கள் அவளை மேடம் என்றார்கள். மத்தியானம் ஆப்பரேட்டர்களின் மேஜையில் அவளுக்கு இடம் போட்டார்கள். "நான் அக்காகூடவே சாப்புட்றேன்" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். அந்த அடக்கத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திமிராவது பிடித்திருந்தால் திட்டுவதற்கு ஒரு வழி இருந்திருக்கும்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஏழாவது படிக்கிற என் மகள், "பெருசானா சித்தி மாதிரி வண்டி ஓட்டுவேன்" என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதிவிட்டு வந்து, அதை எனக்கே வாசித்துக் காட்டினாள். என் வீட்டுக்காரர், "அவ ஓட்டுனா நம்ம வூட்டுக்குத்தானே பெருமை, உனக்கு இன்னா வந்துது?" என்றார். இரண்டு நாள் அவருக்கு உப்பில்லாத சாம்பார்தான்.

சின்னத்தனம் எதையும் நான் பாக்கி வைக்கவில்லை. அந்த மீசைக்காரர் அவளுடைய அம்மா வீட்டுப் பக்கத்து ஊர்க்காரர், அதனால்தான் பாஸ் போட்டார் என்று வேனில் ஒருத்தியின் காதில் போட்டேன். அவர் வேலூர்க்காரர் என்பது எனக்குத் தெரியும். அவள் வளைவில் கொஞ்சம் வேகமாக வந்தாலும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்து சூப்பர்வைசரிடம் சொல்வேன். அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

இப்போது குடோனின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். நடக்கிறவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், வண்டி அந்தப் பக்கம். அடுக்குகள் முடிகிற முனையில் வருகிற ஆள் தெரியாது. அங்கே டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அடித்தால் நடக்கிறவர்கள் கோட்டிலேயே நின்றுவிட வேண்டும். வண்டிக்குத்தான் முதல் வழி.

எங்கள் வீட்டுச் சந்தில் கணக்கே வேறு. நான் குடத்தோடு வந்தால் அவள் சுவரோடு ஒட்டி நிற்பாள். அவள் இடுப்பில் நிறைகுடம் இருந்தாலும் நான்தான் முதலில் போவேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. மூத்த மருமகள் முதலில், இளையவள் பிறகு, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட அதில் தவறியது கிடையாது. இப்போது ஒரு நாளைக்கு இருபது தடவை அவளுக்காக நான் கோட்டில் நின்றேன். ஒவ்வொரு தடவையும் போகும்போது தலையை ஆட்டி ஒரு சிரிப்புச் சிரிப்பாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சிரித்திருப்பாள். எனக்கு அது ஊசியாக இறங்கும்.

அன்றைக்குப் பண்டிகை சமயம். குடோன் முழுக்கச் சரக்கு. கொடுத்திருந்த இரும்பு முனை ஷூ குதிகாலைக் கடித்துப் புண்ணாக்கியிருந்ததால், அதை லாக்கரில் வைத்துவிட்டுச் சாதாரணக் கேன்வாஸ் போட்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். புதிதாக வந்த சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "அந்த ஆப்பரேட்டர் மேடம் காலைல இருந்து எறங்கவே இல்ல. இத அவங்களுக்குக் குடுத்துட்டு வாம்மா." நாங்கள் யார் என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததையும் அவன் பார்க்கவில்லை.

பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது அடுக்கின் முனையில் கோட்டைத் தாண்டி இரண்டடி வைத்திருப்பேன். ஹாரன் இரண்டு தடவை அடித்தது. திரும்பிப் பார்த்தேன். அவள்தான். இரண்டு வாஷிங் மெஷின்களோடு வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நானும் அவள் கண்ணைப் பார்த்தேன். ஒரு எட்டு பின்னால் வைத்தால் போதும். வைக்கவில்லை. நிற்கட்டும் என்று நினைத்தேன். இதை நான் அப்போது யோசித்துச் செய்யவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். யோசித்துத்தான் செய்தேன். மேடம் கொஞ்சம் நின்று எனக்கு வழி விடட்டும் என்று நினைத்தேன்.

நான் நகர்ந்துவிடுவேன் என்று அவள் நம்பியிருக்கிறாள். நகரவில்லை என்று தெரிந்ததும் பிரேக்கைப் போட்டு, என்மேல் படாமல் இருக்க வண்டியை இடது பக்கம் ஒடித்தாள். முன்பக்கம் என்னை விட்டு விலகித்தான் போனது. பின்பக்கம் என் பக்கம் வீசியது. டிபன் பாக்ஸை வைத்து நான் காட்டிய அதே மாதிரி. என் இடது கால் பின் சக்கரத்துக்கு அடியில் போனது.

முதலில் வலிக்கவில்லை. அவள் பதற்றத்தில் பெல்ட்டைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டு, "அக்கா அக்கா" என்று கத்தியது மட்டும் கேட்டது. பிறகு வலித்தது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் சேஃப்டி ஆபீசர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மடியில் ஒரு படிவம். அந்த முனையை அடுக்கு மறைத்துக்கொண்டிருந்ததால் கேமராவில் ஒன்றும் விழவில்லை. பார்த்த ஆளும் இல்லை, நாள் முழுக்க அடிக்கிற ஹாரன்களில் இது யாருக்கும் தனியாகக் கேட்டிருக்காது. எல்லாம் எங்கள் இரண்டு பேரின் வாயில்தான் இருந்தது. நான் கோட்டைத் தாண்டி நின்றேன் என்றால் தப்பு என்னுடையது. அவள் ஹாரன் அடிக்கவில்லை என்றால் தப்பு அவளுடையது, அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்.

"ஹாரன் அடிச்சாங்களாம்மா?"

"கேக்கல சார்."

"கோட்டுக்குள்ளதான் நின்னீங்களா?"

"ஆமா சார்."

எழுதிக்கொண்டு போய்விட்டார். அவளைக் கேட்டபோது, "அடிச்ச ஞாபகம் இல்ல சார்" என்று சொன்னதாக வேனில் வருகிறவர்கள் வந்து சொன்னார்கள். பயத்தில் உளறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நீல நாடா அட்டையை வாங்கிக்கொண்டு, அவளை ஸ்டிக்கர் ஒட்டப் போட்டார்கள். நான் நின்ற அதே இடத்தில்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டு, அவள் கெண்டைக்கால் இந்நேரம் எப்படி வலிக்கும் என்று மணி பார்த்து மணி பார்த்துக் கணக்குப் போடுவேன். இரண்டு விரல் போனதற்கு ஈடாகத்தான் எனக்கு அது தோன்றியது.

எனக்குச் சர்க்கரை உண்டு. புண் ஆற மறுத்தது. தினமும் வேலை முடிந்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல் அவள் என் வீட்டுக்கு வருவாள். வெந்நீர் வைத்து, கட்டை அவிழ்த்து, மருந்து போட்டுப் புதுக் கட்டுக் கட்டுவாள். அந்த நேரத்தில் வண்டிப் பேச்சை எடுக்க மாட்டாள். இரண்டு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது, அடிபட்டவள் என்று கேட் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். வருகிற லாரியின் நம்பரைப் பதிய வேண்டும். கடைசியில் நான் உட்கார்ந்தேன், அவள் நின்றாள். நினைத்தது நடந்துவிட்டது.

ஆனால் ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. அவள் ஏன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை? ஹாரன் அடித்தது அவளுக்கு மறந்திருக்காது. ஒரு சாயங்காலம் அவள் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"நீ ஏன்டி ஹாரன் அடிச்ச ஞாபகம் இல்லன்னு சொன்ன?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "அடிச்சேன்க்கா. நீ திரும்பிக்கூடப் பாத்த."

நான் காலை இழுத்தேன். அவள் விடவில்லை.

"நீ கோட்டத் தாண்டி நின்னுகினு இருந்த. கால்ல ஷூவும் இல்ல, ஆளுங்க வரதுக்குள்ள அந்தக் கேன்வாஸ நான்தான் கழட்டி ஒளிச்சேன். இதெல்லாம் சொன்னா உன் தப்புன்னு எழுதி, உன் கேட் கார்ட முடக்கிடுவாங்க. கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க. என்ன எறக்குனா எனக்கு ஸ்டிக்கர் ஒட்டற வேலையாவது கீது. இந்தக் கால வெச்சிகினு நீ எங்க போவ?" கட்டின் முனையைக் கிழித்து முடிச்சுப் போட்டாள். "வுடு. சாப்ட்டியா?"

அவள் காலில் நான் விழுந்திருக்க வேண்டும். அவள் போன பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன். நான் அவளைக் கீழே இறக்கிவிட்டதாக இரண்டு மாதம் கொண்டாடிக்கொண்டிருந்தேன். அவள் தானாக இறங்கியிருக்கிறாள், அதுவும் எனக்காக. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அவள் கொடுத்தது. வாளித் தண்ணீரில் அவள் ஜெயித்தாள், சரி, அது கை வாகு. இதிலுமா அவளே ஜெயிக்க வேண்டும்? சீட்டைப் பார்த்து எரிந்ததைவிட இந்தப் பெரிய மனசைப் பார்த்து எனக்கு அதிகமாக எரிந்தது.

மறுநாள் காலை நேரே சேஃப்டி ஆபீசரின் அறைக்குப் போனேன். ஹாரன் அடித்தாள், நான் திரும்பிப் பார்த்தேன், வேண்டுமென்றே நகரவில்லை, ஷூ போடவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரெண்டு மாசம் கழிச்சு இப்ப ஏம்மா சொல்றீங்க?" என்று கேட்டார். "மனசு கேக்கல சார்" என்றேன். அவர் நெகிழ்ந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். உண்மையான காரணம் வேறு. அவளிடம் வாங்கிய பிச்சையில் உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவளைவிட ஒரு பிடி உயர்ந்தவளாக ஒரே ஒரு நாளாவது நான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் சொன்னபடியே நடந்தது. என் கேட் கார்டை முடக்கினார்கள். இன்றைக்கு மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன், நின்றபடி. அவளுக்கு மறுபடி பரீட்சை வைத்தார்கள். மறுபடியும் ஒரு சொட்டு சிந்தவில்லையாம்.

அட்டை திரும்பக் கிடைத்த அன்று சாயங்காலம் அவள் வந்தாள். நீல நாடா கழுத்தில் இருந்தது. நான் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவள் வாசலிலேயே நின்றாள். "இன்னாத்துக்குக்கா சொன்ன?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மைன்னு எனக்குத் தெரியாதா?" அவள் குரல் ஏறவில்லை. "ரெண்டு மாசம் நின்னுகினே ஒட்டினேன். கால் வுட்டுப் போவும். அக்காவுக்குத்தானே நிக்கறோம்னு நெனச்சுக்குவேன், வலி தெரியாது. கல்யாணம் ஆன நாள்லருந்து உனக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிகினியே."

அவள் உள்ளே வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். வழக்கம்போல என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கட்டை அவிழ்த்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்கள் இருந்த இடத்தில் புதுத் தோல் மூடியிருந்தது. அழுத்திக்கூடப் பார்த்தாள்.

"ஆறிடுச்சு" என்றாள். "இனிமே நான் வர வேணாம்."

என் காலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.